குட்டை வால்நட் மரமும் எஸ்தர் அக்காவின் தக்காளியும்

1

போன ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூரிலிருந்து என் அக்கா எஸ்தர் போன் செய்தாங்க. தெரு முனையில் இருக்கிற எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினால் அவங்க குரல் எப்போதும் ஓட்டமும் நடையுமாகத்தான் இருக்கும்.

"ஏன்டா செல்வா, இங்க இருக்கற வாண்டுக எல்லாம் என்ற கையப் பாத்துப்போட்டு என்ன கேக்குதுக தெரியுமா? டெய்லரம்மா, கை வெந்துபோச்சுங்களா? டெய்லரம்மா, சீமைல போய்க் கரி மூட்டம் போட்டீங்களா? ஒண்ணு வந்து, இது தொட்டா ஒட்டிக்குங்களான்னு கேட்டுட்டுத் தள்ளி நின்னு அளவு குடுக்குது. ஒவ்வொண்ணுக்கும் கதை சொல்லீட்டு நான் எப்பத் தைக்கறது? நீ எழுதி அனுப்பு. நான் படிச்சுக் காட்டிப்போடறேன்."

ஆகவே ஆர்.எஸ்.புரத்துக் கண்ணுகளா, எழுதுகிறேன். உங்களுக்கு யூனிஃபார்ம் தைக்கிற டெய்லரம்மாவின் தம்பி நான். பெயர் செல்வராஜ். எட்டாவது வரைக்கும்தான் படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் உங்கள் டீச்சரிடம் காட்ட வேண்டாம். பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்பு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். என் மனைவி ரூத் நர்ஸ். இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்தது. அவள் பின்னாலேயே நானும் வந்தேன். "சம்சாரம் வேலைக்குப் போற ஊருக்குப் புருசன் மூட்டை தூக்கிட்டுப் போறானப்பா" என்று பட்டறையில் ரொம்ப நாள் சிரித்தார்கள். பொய் இல்லை. இரண்டு பெட்டியையும் இட்லிப் பானையையும் நான்தான் தூக்கினேன். எங்கள் மகள், எட்டு வயது ஷீபாவின் கையைப் பிடித்துக்கொண்டு ரூத் முன்னால் நடந்தாள்.

இப்போது ஷீபாவுக்குப் பதின்மூன்று வயது. உங்களில் பெரிய பிள்ளைகளுக்கு இருக்கும் வயது. கறுத்த கையின் கதை அவளுடைய கதையும்தான்.

2

நான் இங்கே ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் தட்டு அடுக்குகிறேன். விடிவதற்கு முன்னால் வெள்ளெனப் போனால் மத்தியானம் வீடு வந்துவிடுவேன். ரூத்துக்கு ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. சில நாட்களில் நாங்கள் இருவரும் வாசலில்தான் பார்த்துக்கொள்வோம். சாவியை நான் கொடுப்பேன், குழம்பு எதில் இருக்கிறது என்று அவள் சொல்வாள்.

பாஷைதான் பெரிய பாடு. நம்மூர் நாக்குக்கு 'ங்க' போடாமல் வார்த்தை வெளியே வராது. கதவைச் சாத்தினாலும் ஒரு 'ங்க', திறந்தாலும் ஒரு 'ங்க'. இங்கிலீஷில் அதைச் செருக இடமே கிடையாது. வெறுமனே பேசினால் யாரையோ அதட்டுகிற மாதிரி எனக்குக் கூச்சமாக இருக்கும். அதனால் எனக்குத் தெரிந்த ஒரே மரியாதை வார்த்தையை எல்லாவற்றுக்கும் போட்டேன். மழை வருது ப்ளீஸ். எனக்குப் பசிக்குது ப்ளீஸ். நான் வீட்டுக்குப் போறேன் ப்ளீஸ். தொழிற்சாலையில் இன்றைக்கும் என் பெயர் மிஸ்டர் ப்ளீஸ்தான்.

ஷீபா எனக்கு நேர் எதிர். அவள் இங்கிலீஷ் குழாயைத் திறந்த மாதிரி கொட்டும். தமிழ் வீட்டுக்குள் மட்டும். அதிலும் வருசத்துக்கு வருசம் கொஞ்சம் உதிர்ந்துகொண்டே வந்தது. முதலில் உதிர்ந்தது அந்த 'ங்க'. "அப்பா, இங்க வா." "அப்பா, நீ சாப்பிட்டியா?" எனக்குப் பழகிப்போச்சு. அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை, அவள் கேட்கிற அக்கறையில் எனக்கு வயிறு நிறைந்துவிடும். ஆனால் ஒரு நாள் போனில் அக்கா அதைக் கேட்டுவிட்டாங்க.

"பெத்தவன வா போங்கறா. நீ கேட்டுட்டு நிக்கறயா?"

"சின்னப் புள்ளைங்க அக்கா."

"சின்னப் புள்ளைலயே இப்புடின்னா? இங்க பாரு, நீ ரொட்டி சுடப் போயிருவே. ரூத்து ராத்திரி டூட்டிக்குப் போயிருவா. பொட்டப் புள்ளை அங்க தனியா என்னத்தக் கத்துக்கும்? எங்கிட்ட அனுப்பு. இங்க நம்ம பள்ளிக்கோடத்துல படிக்கட்டும். நான் பாத்துக்கறேன்."

"பாக்கலாங்க அக்கா" என்றேன்.

என் வாழ்க்கையில் அக்காவிடம் 'மாட்டேன்' என்று நான் சொன்னதே கிடையாது. அம்மா இறந்தபோது நான் உங்களில் ரொம்பச் சின்னவர் அளவுதான் இருப்பேன். அக்கா மெஷின் மிதித்து என்னை ஆளாக்கினாங்க. கல்யாணமே பண்ணிக்கொள்ளவில்லை. எந்தச் சட்டை போடுவது, எந்தப் பட்டறையில் சேருவது, யாரைக் கட்டுவது, எல்லாம் அக்கா சொன்னதுதான். சொன்னதில் ஒன்றுகூடத் தப்பாகப் போகவில்லை. அதுதான் சிக்கல்.

3

இனி மரம். வால்நட் என்றால் நம்மூர்க் கடையில் அக்ரூட் என்று வைத்திருப்பார்களே, ஓட்டை உடைத்தால் உள்ளே மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்குமே, அதுதான். நாங்கள் வந்த முதல் வருசம் வாரச் சந்தையில் ஷீபா ஒரு குச்சியைப் பிடித்துக்கொண்டு நகர மறுத்தாள். வால்நட் மரம் சாதாரணமாக நம்மூர்ப் புளியமரம் போல விரிந்துவிடுமாம். இது ஒட்டுக்கட்டின குட்டை ரகம், ஓர் ஆள் உயரத்துக்கு மேலே கொஞ்சம்தான் போகும், சீக்கிரமே காய்க்கும் என்றார் செடிக்காரர்.

நம்மூரில் ஒரு மரத்தைக் காட்டி 'இது வளராதுங்க' என்று சொல்லி யாராவது விற்க முடியுமா? எனக்குச் சிரிப்பு வந்தது.

"வளராத மரத்த வாங்கி என்ன கண்ணு பண்றது? ஏறக்கூட முடியாதே."

"ஏறறதுக்கு இல்லப்பா. எட்டறதுக்கு" என்றாள்.

வாங்கினோம். வீடு நகரசபைக்குச் சொந்தமானது, வாடகைக்கு இருக்கிறோம். மரம் நட அனுமதி கேட்டு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். மரம் முழுசாக வளர்ந்தால் எவ்வளவு உயரம் என்று அதில் ஒரு கேள்வி. நான் நல்ல பிள்ளையாகக் 'கர்த்தருக்குச் சித்தமான உயரம்' என்று இங்கிலீஷில் எழுதி அனுப்பினேன். அது திரும்பி வந்தது. இரண்டாம் தடவை ஷீபா 'எங்கப்பாவை விடக் கொஞ்சம் உசரம்' என்று எழுதினாள். ஒரு வாரம் கழித்து ஆபீசிலிருந்து ஓர் அம்மாள் போன் செய்து, ரொம்பப் பணிவாக, உங்கள் உயரம் எவ்வளவு என்று என்னைக் கேட்டார். சொன்னேன், ப்ளீஸ் சேர்த்து. அனுமதி வந்தது.

நடும் அன்றைக்கு நான் தென்னைக்குத் தோண்டுகிற மாதிரி குழி தோண்டி, குழியில் போட உப்பு டப்பாவோடு போனேன். ஷீபா குறுக்கே நின்றாள். லைப்ரரியிலிருந்து புத்தகம் எடுத்து வந்திருந்தாள். உப்பு கூடாது. தினமும் தண்ணீர் கூடாது. குளிர்காலத்துக் கடைசியில் கிளையை வெட்டக் கூடாது, வெட்டினால் தண்ணீராய் ஒழுகும். எனக்குத் தெரிந்த வெள்ளாமை ஒன்றும் இந்த மரத்துக்கு ஆகவில்லை.

ஊரெல்லாம் துளிர்த்த பிறகும் அது குச்சியாகவே நின்றது. செத்துப்போச்சு என்று நான் மண்வெட்டியை எடுத்தால், அவள் பட்டையை நகத்தால் லேசாகக் கீறி உள்ளே பச்சையைக் காட்டுவாள். எல்லா மரமும் பந்தி முடித்துக் கை கழுவுகிற நேரத்தில்தான் இது இலைபோட்டு உட்காரும். மூன்றாம் வருசம் நாலைந்து காய் வந்தது. அத்தனையும் அணில் தின்றது. இங்கத்து அணிலுக்கு முதுகில் கோடு கிடையாது, வெட்கமும் கிடையாது.

4

இந்த மே மாதம் அக்கா வந்தாங்க. பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் ஒரு டெய்லர் கடையை விட்டுவிட்டு வருவது என்றால் எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரியும். கடையை உதவிக்கு இருந்த பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தாங்க. இந்த வருசம் உங்கள் கால்சட்டை சிலது ஒரு பக்கம் நீளமாக இருந்ததற்குக் காரணம் ஷீபாதான். சும்மா ஊர் பார்க்க வரவில்லை, பிள்ளையைக் கூட்டிப்போக வந்திருக்காங்க என்று எனக்கு அப்போதே புரிந்தது.

விமான நிலையத்தில் விதை ஏதும் இருக்கிறதா என்று கேட்டார்களாம். அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டியிருக்காங்க: தக்காளி, கத்திரி, மிளகாய், கொத்தமல்லி. அதிகாரி கையை ஆட்டி விட்டுவிட்டார். "எலுமிச்சங்கா ஊறுகாயத்தான் மூடியத் தொறந்து மோந்து மோந்து பாத்தான். பசியோ என்னமோ, பாவம்."

வந்த மறுநாளே பொடக்காலியைச் சுற்றிப் பார்த்தாங்க. வீட்டின் பின்பக்கத்து இடத்துக்கு எங்கள் பேச்சில் பொடக்காலி. இங்கே அது ஒரு பாய் விரிக்கிற அளவு புல், அதற்கு அப்பால் வால்நட் மரம், அதன் கீழே வட்டமாக வெறும் மண்.

"எதுக்கு இத்தன மண்ணச் சும்மா போட்டிருக்கே?"

"அதுல ஒண்ணும் வராது அத்தை" என்றாள் ஷீபா.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் அப்பாவும் அம்மாவும் தென்னந்தோப்பில் கூலி வேலை பார்த்தவர்கள். எங்களுக்கென்று ஒரு சாண் நிலம் கிடையாது. தென்னங்கன்று வைத்த புதுசில், நிழல் கட்டுகிற வரைக்கும், கன்றுகளுக்கு நடுவே தக்காளியோ மிளகாயோ போட்டுக்கொள்ளச் சொல்லித் தோட்டத்துக்காரர் விட்டுவிடுவார். கன்றுக்கும் சேர்த்துத் தண்ணீர் கட்ட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. மரம் அவர்களுது, மரத்தடி எங்களுது. எங்கள் வீட்டில் மிளகாய் இருந்ததும் அக்கா தக்காளிக்கூடை தூக்கினதும் அந்த மரத்தடியால்தான். மரத்தடியில் வெறும் மண்ணைப் பார்த்தால், சோற்றைக் கீழே கொட்டினதைப் பார்த்த மாதிரி அக்காவுக்கு மனசு கேட்காது.

"ஏன் வராது?"

"இந்த மரம் வேர்ல ஒரு விஷம் மாதிரி வெச்சிருக்கு. தக்காளி, கத்திரி, மிளகா, உருளைக்கிழங்கு, இதெல்லாம் கிட்ட வந்தா வாடிரும். புக்குல இருக்கு."

அக்கா என்னைப் பார்த்தாங்க. "பாத்தயா செல்வா? மரத்தடில வெள்ளாமை வராதுன்னு சொல்றா. எந்த ஊட்டுப் புள்ளை சொல்லுது பாரு." பிறகு அவளிடம் திரும்பி, "இங்க பாரு அம்மணி. இதே மரத்தடில நான் தக்காளி பறிச்சுக் காட்டறேன். காட்டீட்டா நீ என்கூட கோயமுத்தூர் வந்தரோணும்."

"காய்க்கலைன்னா?"

"காய்க்கலீன்னா அந்தப் பேச்சுக்கே நான் வாயத் தொறக்க மாட்டேன்."

ஷீபா கையை நீட்டினாள். அக்கா அதைப் பிடித்துக் குலுக்கினாங்க. நான் சிரித்தேன். சமையலறை ஜன்னலில் நின்றிருந்த ரூத் சிரிக்கவில்லை.

5

அக்கா ஜன்னலோரம் நாற்று விட்டு, ஜூன் மாதம் மரத்தைச் சுற்றி நட்டாங்க. தக்காளி ஒரு சுற்று, கத்திரி ஒரு சுற்று, இடையிடையே மிளகாய், ஓரத்தில் கொத்தமல்லி. அழகாகப் பிடித்துக்கொண்டது. தினமும் காலையில் அக்கா டீ டம்ளரோடு அங்கே நின்று, ஷீபா பள்ளிக்கூடம் கிளம்புகிற நேரம் பார்த்துச் சத்தமாக, "அடேங்கப்பா, என்னமா வருது" என்பாங்க.

"ஜூலை வரட்டும் அத்தை" என்பாள் ஷீபா. அக்கா உடனே திருத்துவாங்க:

"வரட்டுங்க அத்தை."

"வரட்டுங்க அத்தை." கிண்டலுக்காக அவள் எல்லாவற்றுக்கும் 'ங்க' போட ஆரம்பித்தாள். எதிர்வீட்டுப் பூனையை "வாங்க, உக்காருங்க" என்றாள். அக்காவுக்குச் சந்தோசம்தான். கோயமுத்தூர் வந்தால் முழுசாகச் சரியாகிவிடும் என்று என்னிடம் சொன்னாங்க. ஷீபாவுக்கு ரவிக்கைத் துணியில் ஒரு பாவாடை தைத்தாங்க. "ஊருக்கு வந்தாப் போட்டுக்கலாம்" என்றாங்க. அவள் பாவாடையை வாங்கிக்கொண்டாள், ஊரை வாங்கிக்கொள்ளவில்லை.

ஜூலை வந்தது. பூ வைத்த தக்காளி ஒவ்வொன்றாகத் தலையைத் தொங்கப்போட்டது. மண் ஈரமாகத்தான் இருந்தது, ஆனாலும் இலை தாகத்தில் இருக்கிற மாதிரி சுருண்டது. பிறகு கத்திரி. கொத்தமல்லி மட்டும் ஒன்றும் தெரியாத மாதிரி தளதள என்று நின்றது.

"மல்லி வருதில்ல? அப்பறம் விஷம் எங்க இருக்குது?" என்றாங்க அக்கா. "தண்ணி பத்தல. அவ்வளவுதான்."

இந்த வருசம் பார்த்து இங்கே மழை இல்லை. தோட்டத்துக்கு ஹோஸ் பிடிக்கக் கூடாது என்று ஒரு நோட்டீஸ் வந்தது. படித்துச் சொன்னதும் அக்காவுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "சீமைலயும் குழாயில தண்ணி வராதா?" நம்மூரில் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருக்கிற சங்கடம் இவர்களுக்கும் உண்டு என்று தெரிந்ததில் ஒரு நிம்மதி. அரிசி களைந்த தண்ணீர், பாத்திரம் அலசின தண்ணீர், குளிக்கிற தொட்டியில் மிஞ்சின தண்ணீர், எல்லாவற்றையும் வாளியில் மொண்டு மொண்டு சுமந்தாங்க. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, காலில் என் பழைய ரப்பர் பூட்ஸோடு. நான் வாங்கப் போனால், "நீ ஊத்துனாச் செல்லாது, பந்தயம் என்னுது" என்று வாளியை இழுத்துக்கொள்வாங்க. "சிறுவாணித் தண்ணியா இருந்தா இந்நேரத்துக்குக் காச்சுத் தொங்கும். இது என்ன தண்ணியோ, உப்புமில்ல சப்புமில்ல."

ஒரு நாள் ரூத் டூட்டி முடிந்து வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் என்னிடம் கேட்டாள்.

"ஏனுங்க, தக்காளி காய்க்குதா இல்லையான்னு பாத்துட்டுத்தான் புள்ளைய அனுப்பறதா வேண்டாமான்னு முடிவு பண்ணப் போறீங்களா?"

"அது சும்மா வெளையாட்டு ரூத்து."

"ஷீபா வெளையாடல. அண்ணியும் வெளையாடல. பள்ளிக்கூடம் தொறக்கற சமயத்துல கடையை விட்டுட்டு வந்து தண்ணி சொமக்கறவங்க வெளையாடறாங்களா? உங்க மனசுல என்ன இருக்குது, அதச் சொல்லுங்க மொதல்ல."

"பாக்கலாம்" என்றேன்.

"எதை? செடியவா?"

நான் செடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். செடி செத்தால் நான் வாயைத் திறக்காமலே தப்பித்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு செடியும் சாயும்போது அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

6

ஒரு சாயங்காலம் ஷீபா பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, அக்கா வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து, வாடின செடிகளையே பார்த்துக்கொண்டிருந்தாங்க. எப்போதும் போல "பாரு, எப்புடி வருது" என்று சொல்லவில்லை. ஷீபா பையை வைத்துவிட்டுப் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தாள். இருவரும் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். துண்டு துண்டாகக் காதில் விழுந்தது. தென்னந்தோப்பு, மிளகாய்ச் சாக்கு, மரம் அவர்களுது, மரத்தடி நம்முளுது. இதையெல்லாம் நான் அவளுக்குச் சொன்னதே இல்லை. கேட்டால்தானே சொல்வது என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் அவள் என்னிடம், "அப்பா, உன் ஃபாக்டரில ஜாம் வர்ற பெரிய டப்பா இருக்குமே, காலி ஆனது கிடைக்குமா?" என்றாள். கொண்டுவந்தேன். அடியில் ஓட்டை போடச் சொன்னாள், போட்டேன். கடையில் புது மண் மூட்டை வாங்கச் சொன்னாள். அக்கா மத்தியானம் படுத்திருந்தபோது, உயிர் இருக்கிற செடிகளாகப் பார்த்துத் தோண்டி, வேரைக் கழுவி, டப்பாக்களில் நட்டு, மரத்துக்கு எட்டாமல் சமையலறைச் சுவரோரம் வரிசையாக வைத்தாள்.

"ஏங் கண்ணு, செடி போயிட்டா நீதான ஜெயிக்கறே?"

"செடி என்ன பண்ணுச்சு?" என்று மண்ணைத் தட்டினாள்.

அக்கா எழுந்து வந்து பார்த்தாங்க. பக்கத்தில் குந்தி, ஒரு டப்பாவை மட்டும் வெயில் பக்கமாக நகர்த்தி வைத்தாங்க.

பாதி போய்விட்டது, பாதி பிழைத்தது. கத்திரியும் மிளகாயும் பேருக்குத்தான். தக்காளி மட்டும் கண்ணாடிக் கோலி அளவில் காய்த்து, நிறம் வருவேனா என்று யோசித்து யோசித்து, செப்டம்பர் கடைசியில் சிவந்தது.

7

அதே வாரம் வால்நட்டும் பழுத்தது. இந்த முறை ஷீபா மரத்துக்குப் பழைய ஜன்னல் திரையைப் போர்த்தி அணிலை ஏய்த்திருந்தாள். மரம் என் தலைக்கு மேலே ஒரு முழம் இருக்கும், அவ்வளவுதான். அவள் முக்காலி இல்லாமலே எல்லாவற்றையும் பறித்தாள்.

கண்ணுகளா, நாம் கடையில் பார்க்கிற அக்ரூட் ஓட்டுக்கு மேலே பச்சையாக ஒரு தடித்த தோல் உண்டு. அதை உரித்துத்தான் காயவைக்க வேண்டும். ஷீபா ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, அத்தைக்கும் ஒரு ஜோடி நீட்டினாள்.

"இது கறை பிடிக்கும் அத்தை. போகவே போகாது."

"எத்தன வாழைப்பூ உரிச்சிருப்பேன், எத்தன மாங்கா அறுத்திருப்பேன். இந்தக் கைக்கு ஒறையா?" என்று கையுறையைத் தள்ளிவிட்டாங்க. உரிக்கும்போது விரல் லேசாக மஞ்சளாகத்தான் இருந்தது. "இவ்வளவுதானா?" என்று சிரித்தாங்க. ஒரு மணி நேரத்தில் பழுப்பு. சாயங்காலத்துக்குள் கன்னங்கரேல் என்று உங்கள் ஸ்கூல் கரும்பலகை மாதிரி ஆகிவிட்டது. சோப்பு, புளி, மண்ணெண்ணெய், எலுமிச்சம் பழம், ரூத் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த ஸ்பிரிட்டு, எதற்கும் மசியவில்லை. வெந்ததும் இல்லை, சீக்கும் இல்லை, தொட்டால் ஒட்டாது. தோல் உரிந்து புதுத் தோல் வரும்போது தானாகப் போய்விடும். தள்ளி நின்று அளவு கொடுத்த பிள்ளை கிட்டவே வரலாம்.

மறுநாள் ஞாயிறு. சர்ச்சுக்குப் போய்வந்து சாப்பிட உட்கார்ந்தோம். அந்தக் கோலித் தக்காளியில் அக்கா ரசம் வைத்திருந்தாங்க, எங்கள் கொத்தமல்லியைக் கிள்ளிப்போட்டு. கறுத்த கையால் பிசைந்து ஒரு வாய் போட்டுவிட்டுச் சொன்னாங்க:

"ஆகமொத்தம் நான் தக்காளி பறிச்சுப்போட்டேன்."

ஷீபா நிமிர்ந்தாள். "அது டப்பால காய்ச்சுது அத்தை. மரத்தடில இல்ல."

"நட்டது மரத்தடில. நாத்து என்னுது. தண்ணி என்னுது."

"டப்பா அப்பாவோடது. எடுத்து வெச்சது நான்."

"அதத்தான் நானுஞ் சொல்றேன் அம்மணி. வாடிக் கெடந்துச்சு. எடத்த மாத்தி வெச்சதும் எப்புடிப் பொழச்சுது பாத்தயா? நீயும் அப்புடித்தான். நம்ம ஊருக்கு வந்து பாரு, எப்புடி வாரேன்னு."

ஷீபா டம்ளரைக் கீழே வைத்தாள். "நான் தக்காளிச் செடி இல்லீங்க அத்தை."

அவள் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். "நீ சொல்லுடா" என்றாங்க அக்கா. "நீ சொல்லுப்பா" என்றாள் அவள். ரூத் ரசக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

பாக்கலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. பார்ப்பதற்கு இனிமேல் ஒன்றும் பாக்கி இல்லை.

"நான் அனுப்ப மாட்டனுங்க அக்கா" என்றேன். "யாரு ஜெயிச்சிருந்தாலும் அனுப்பியிருக்க மாட்டேன். அவ இல்லாம எனக்கு இந்த ஊர்ல இருக்க முடியாதுங்க."

என் குரல் எனக்கே வேற ஆளுடையது மாதிரி இருந்தது. அக்கா ரசத்தை இன்னொரு கரண்டி ஊற்றச் சொல்லி ரூத்திடம் தட்டை நீட்டினாங்க.

"இத வைகாசி மாசமே சொல்லிப்போட்டிருந்தா, நான் அத்தன தண்ணி சொமந்திருக்க மாட்டனில்லடா, கெரகம் புடிச்சவனே."

முதலில் சிரித்தது ரூத். பிறகு ஷீபா. நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை. அக்கா மட்டும் சிரிக்காமல் சாப்பிட்டு முடித்தாங்க.

பாத்திரம் கழுவும்போது நான் துடைத்து வைத்துக்கொண்டிருந்தேன். அக்கா தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாங்க: "படிப்பு, மரியாதை, அதெல்லாம் நெசந்தான். நான் பொய் சொல்லல. ஆனாக் கடையச் சாத்திப்போட்டு ஊட்டுக்குள்ள வந்தா, ரெண்டு வார்த்தை பழமை பேச ஒரு ஆளு வேணுமில்லடா." ஒரு தட்டையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஏர்போர்ட்டில் ஷீபா அத்தையைக் கட்டிக்கொண்டு, அடுத்த பெரிய லீவுக்கு வாரேன் என்றாள். வந்தால் நீங்களே பார்ப்பீர்கள். தமிழைக் கொஞ்சம் மெதுவாகப் பேசுவாள். நீங்களும் கொஞ்சம் மெதுவாகச் சிரியுங்கள்.

இந்த இடத்துக்கு வந்ததும் அக்கா படிப்பதை நிறுத்தி, தாளை மடித்து மெஷின் டிராயரில் போடப் பார்ப்பாங்க. விடாதீர்கள். பெரிய பிள்ளை யாராவது வாங்கி மிச்சத்தைப் படியுங்கள். எனக்கு உங்களிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. அளவு கொடுத்ததும் ஓடிவிடாதீர்கள். சாயங்காலம் கடை சாத்துகிற நேரத்தில் இரண்டு மூன்று பேர் போய்க் கொஞ்சம் உட்காருங்கள். "என்ன வேலைவெட்டி இல்லையா" என்று அதட்டுவாங்க. எழுந்து போய்விடாதீர்கள், அது வா என்பதற்கு அவங்க சொல்கிற வார்த்தை. நூல் கோத்துக் கொடுங்கள், பட்டனுக்குக் காஜா பிரித்துக் கொடுங்கள், பள்ளிக்கூடத்தில் யார் யாருடன் சண்டை என்று சொல்லுங்கள். தக்காளிக் கதையை அவங்களையே சொல்லச் சொல்லிக் கேளுங்கள். நான் எழுதினது போல் இருக்காது. அதில் தக்காளி மரத்தடியிலேயே கொத்துக்கொத்தாகக் காய்த்திருக்கும், பந்தயத்தில் டெய்லரம்மாதான் ஜெயித்திருப்பாங்க.

ஆமாங்க என்று சொல்லிவிடுங்கள்.